இந்தா வந்திருதேன் என்று போனவள்

பொட்டல்நேரியில் இந்தக் கதையை மேலத்தெருவில் சொல்பவர்கள் வெயிலிலிருந்து தொடங்குகிறார்கள், கீழத்தெருவில் சொல்பவர்கள் படப்பெட்டியிலிருந்து தொடங்குகிறார்கள். எங்கிருந்து தொடங்கினாலும் இரண்டு தெருக்காரர்களும் ஒரு சொல் மாற்றாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு, ஆவுடைத்தங்கம் படம் பார்க்கப் போனவள் இல்லை, மின்விசிறிக்குக் கீழே உட்காரப் போனவள் என்பது அது.

வெயில் என்றால், தகரக் கூரையைப் பழுக்கக் காய்ச்சி, ஆவுடை சுற்ற வேண்டிய பீடி இலையைப் பொதிந்து வைத்த ஈரத்துணியை முறுகப்பண்ணி, குடத்துத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெயில். அந்தக் கூரைக்குக் கீழே காலையில் பொங்கி, உச்சிவேளையில் இலைபோட்டு, கணவர் ஆறுமுகநயினாருக்குப் பரிமாறி, அவர் கை கழுவச் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொடுத்து, அவர் கட்டிலில் சாய்ந்த பிறகே ஆவுடை தன் சோற்றைத் தின்பாள். ஆறுமுகநயினார் கெட்டவர் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அவர் கை ஓங்கியதில்லை, கள்ளுக்கடைப் பக்கம் போனதில்லை. நெல் மண்டியில் தராசு பிடித்தவர் என்பதால் எதையும் அளந்துதான் பேசுவார். அடுக்களைக்குள் மட்டும் அவர் கால் வைத்ததில்லை. செம்பு கைக்கு வந்து சேரும்வரை தாகத்தையே நிறுத்திவைத்துக்கொள்ளத் தெரிந்த மனிதர் அவர்.

அவர் குறட்டைவிடத் தொடங்கியதும் ஆவுடை முகம் கழுவிக்கொண்டு ரத்தினவேணி டாக்கீஸின் மதியக் காட்சிக்குப் போவாள். எந்தப் படம் என்று கேட்டதில்லை. பெண்கள் பக்கத்து பெஞ்சில், சுவரோரம், நேர் மேலே விசிறி சுழலும் இடம் அவளுடையது. பஞ்சத்தில் ஊரே சாகும் படத்துக்கு அரங்கமே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, அரிசி இல்லையென்றால் கிழங்கை அவித்துத் தின்ன வேண்டியதுதானே என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். செய்யாத கொலைக்குத் தூக்கில் போட்ட ஒருவனின் படத்தைப் பார்த்துவிட்டு, சாட்சி சொல்ல வந்தவனின் சட்டைத்துணி நன்றாக இருந்தது என்றாள். எவ்வளவு பெரிய துயரப் படமானாலும் வெளியே வரும்போது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, பாவம் என்று ஒரு சொல் சொல்வாள், வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பாள். எந்தப் படமும் அந்த ஒரு சொல்லைத் தாண்டி அவள் வீட்டு வாசல்வரை வந்தது கிடையாது.

இனி அந்த ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ரத்தினவேணியின் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து போனால், இடத்தில் துண்டை விரித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போவாள். துண்டு மட்டும் போதாது, துண்டு பேசாது. பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வாய் பதில் சொல்ல வேண்டும், சொன்னவள் போனவள் வரும்வரை எழக் கூடாது. நிறைசூலி ஒருத்தி இடுப்பு வலி கண்டு எழுந்தபோதுகூட அப்படிச் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்றும், கைக்குழந்தையோடு திரும்பியபோது அதே துண்டு அதே இடத்தில் கிடக்க, பக்கத்தில் இருந்தவள் வந்துட்டியா என்று நகர்ந்து உட்கார்ந்தாள் என்றும் சொல்வார்கள். பிறந்தது ஆண் என்பது மேலத்தெரு, பெண் என்பது கீழத்தெரு.

அந்தக் கோடையில் டாக்கீஸ் முதலாளி தேவசகாயம் ஒரு பாம்புப் படத்துக்குச் சுவரொட்டி ஒட்டிவிட்டுக் காத்திருக்க, பேருந்தில் வந்து இறங்கிய பெட்டியில் வேறொரு படம் இருந்தது. எங்கோ விருது வாங்கியது, கறுப்பு வெள்ளை, பாட்டில்லாதது. அதில் ஒரு வீடு, ஒரு முற்றம், முற்றத்தில் நீர் இறைக்கக் கயிறும் கப்பியும் போட்ட கிணறு, ஒரு கணவன், ஒரு மனைவி. அவன் இலைக்கு முன்னால் உட்காருவான், அவள் பரிமாறுவாள். அவன் எழுந்து போவான், அவள் இலையை எடுப்பாள். பிறகு திறந்து கிடக்கும் வாசற்கதவருகே போய் நிற்பாள், நின்றுவிட்டு அடுக்களைக்குத் திரும்புவாள். இப்படியே போய்ப் போய்க் கடைசியில் கப்பி கிறீச்சிடும், கிணற்றுக்குள் ஒரு சத்தம் கேட்கும், திரை இருண்டுவிடும். ஆண்கள் பக்கத்தில் பாம்பு எங்கே என்று விசிலடித்தார்கள். பாதியில் உறங்கிப்போயிருந்த ஆவுடை அந்தக் கடைசிச் சத்தத்துக்குக் கண் விழித்து, பாவம் என்றாள்.

மறுநாள் உச்சிவேளையில் பரிமாறும்போது, தெருக்குழாயைத் தவிர வேறு நீர் அறியாத அந்த வீட்டில் நின்றுகொண்டு, அவள் கப்பிச் சத்தத்தை நினைத்துக்கொண்டாள். அதனாலோ வெயிலாலோ, அன்றும் போனாள்.

அன்று அவள் உறங்கவில்லை. படத்துப் பெண் ஈரக் கையோடு வாசலருகே வந்து நின்றபோது, அரங்கில் ஓசையே இல்லாத அந்த நேரத்தில், ஆவுடை பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலத் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

“கதவு தொறந்துதான கெடக்கு, ஏட்டி. போக வேண்டியதுதான?”

படத்துப் பெண் திரும்பினாள். முதலில் அடுக்களையைப் பார்த்தாள், பிறகு பெண்கள் பக்கத்துச் சுவரோரம், விசிறிக்குக் கீழே பார்த்தாள்.

“அக்கா, இந்த இடத்தக் கொஞ்சம் பாத்துக்கிடுதியளா? இந்தா வந்திருதேன்.”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்க வேண்டியவர்கள் வேறு ஊர்க்காரர்கள். இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒருத்தி கேட்டால் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் ஆவுடையுடையது.

“போயிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்.”

படத்துப் பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள். திரைக்குப் பக்கத்தில் இருந்த சிறு கதவு திறந்து, வெயில் ஒரு கீற்று உள்ளே விழுந்து, மறுபடி மூடியது. காலில் செருப்புக்கூட இல்லாமல் இந்த வெயிலில் போகிறாளே என்று பின்வரிசையில் யாரோ அங்கலாய்த்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, படம் ஓடிக்கொண்டிருந்தது. கணவன் வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். பரிமாற ஆள் இல்லை. அவன் அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, முழங்காலில் கைவைத்துக் காத்திருந்தான்.

காட்சி முடிந்து எல்லாரும் எழுந்தபோது ஆவுடையும் எழுந்தாள். திரையில், முற்றத்தில், ஆள் இல்லாத கிணற்றின்மேல் கப்பி கிறீச்சிட்டது. அவள் உட்கார்ந்தாள், சத்தம் நின்றது. மறுபடி எழுந்தாள், கயிறு விறைத்து, கனமான எதையோ இழுத்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கத் தொடங்கியது. ஆவுடையின் இடம் காலியானால் அந்தப் பெண் எங்கே இருந்தாலும் இந்தக் கயிறு அவளை இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்பது அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் சொல்லாமலே விளங்கிற்று.

“ஒக்காருங்க மைனி,” என்றாள் அடுத்த வீட்டுப் பூரணம், இடுப்பில் பால்குடி மறவாத பிள்ளையோடு. “இந்தா வந்திருதேன்னுதான சொல்லிட்டுப் போயிருக்கா. வந்திருவா.”

ஆவுடை உட்கார்ந்தாள். அவள் வரவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதில் இரண்டு தெருவுக்கும் வேறுபாடு கிடையாது: மழை பெய்தால் குடை எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டது. படச்சுருளைக் கழற்றிப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிய பிறகும் திரையில் அந்த வீடு அணையாமல் இருக்கவே, எந்திரம் ஓட்டும் மாசானம் தன் அறையில் காலை நீட்டிப் படுக்கப் பழகிக்கொண்டார். தேவசகாயம் பாம்புப் படத்தை அந்த வீட்டின்மேலேயே போட்டுப் பார்த்தார். நாகம் படமெடுத்து ஆடியபோதெல்லாம் அதற்குப் பின்னால் ஒருவன் சோற்றுக்குக் காத்திருப்பது தெரிந்ததால் பக்தி கெட்டுப்போகிறதென்று ஜனங்கள் சொல்ல, அதை நிறுத்திவிட்டார். ஆனால் வெறும் வீட்டைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அந்தக் கணவன் இன்றைக்காவது எழுந்து அடுக்களைக்குள் போவானா என்று ஆண்கள் பக்கத்தில் பந்தயம் கட்டினார்கள். பீடிக் கடை ஏஜென்ட் இலையையும் தூளையும் டாக்கீஸுக்கே கொடுத்தனுப்பி, சுற்றியதை அங்கேயே வாங்கிக்கொண்டார். கோயில் கொடைவிழாவில் அம்மன் சப்பரம் டாக்கீஸ் வாசலில் நிற்க, பூசாரி திருநீற்றை உள்ளே கொண்டுவந்து ஆவுடையின் நெற்றியில் பூசிவிட்டுத் திரையையும் ஒரு தடவை கும்பிட்டுவிட்டுப் போனார். நகரத்திலிருந்து சினிமா சங்கத்தார் ஜோல்னாப் பைகளோடு வந்து, வெற்றிடத்தைப் பற்றி ஆளுக்கொரு விளக்கம் சொல்லி, உங்களுக்கு இந்தப் படம் என்ன தருகிறது அம்மா என்று அவளிடம் கேட்டார்கள். படம் நல்லாத்தான் இருக்கு, அந்த ஆளு எந்திரிச்சு ஒரு வாய் போட்டுத் தின்னா முடிஞ்சிரும் என்றாள்.

எழவே முடியாத சிறை இல்லை அது, அதுதான் அதன் கொடுமை. குளிக்கவும் கொல்லைக்குப் போகவும் அவள் பூரணத்திடமோ வேறு ஒருத்தியிடமோ, பார்த்துக்கொள், இந்தா வந்திருதேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். அவர்கள் சரியென்று உட்கார்ந்தால் கப்பி சும்மா கிடக்கும். அப்படியே வெளிவாசல்வரை போய்விட்டால் என்ன என்று தோன்றாமல் இல்லை. ஆனால் உட்கார்ந்திருப்பவள் மடியில் பிள்ளை இருக்கும், அவள் வீட்டு அடுப்பில் உலை இருக்கும், இந்தா என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்று ஆவுடைக்குத் தெரியும். வேறொருத்தியை அந்த பெஞ்சில் ஆணியடித்துவிட்டுப் போக அவளுக்குக் கால் வரவில்லை. ஈரத்தலையோடு ஓடிவந்து உட்காருவாள். வெயிலுக்குத் தப்ப ஆசையாசையாகத் தேடிவந்த விசிறி இப்போது தலைக்கு மேலே ஓயாமல் சுழன்று சுழன்று அவள் உச்சியைக் குளிரால் மரத்துப்போகச் செய்தது. உள்ளே பகலும் இரவும் ஒன்றுபோலவே இருந்தன. எதிரே ஒருவன் காத்திருக்க, அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவம் என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியாத ஒரு படத்துக்குள் அவள் வந்து மாட்டியிருந்தாள்.

ஆறுமுகநயினார் முதல் நாள் மட்டும் வந்து, பெண்கள் பக்க வாசலை மறைத்துத் தொங்கிய திரைச்சீலைக்கு வெளியே நின்றபடியே, எப்போது வருவாய் என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியனுப்பினாள். இரண்டாவது தடவை அவர் வரவில்லை. பட்டினி கிடக்கிறாரோ என்று அவள் பதைத்தாள். பிறகு, பட்டினி கிடப்பவர் வராமல் இருக்க மாட்டாரே என்று யோசித்தாள். பூரணத்திடம் கேட்டபோது அவள் பிள்ளையின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள்.

“ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். ஒங்க வீட்ல அவதான மைனி பொங்குதா.”

சாம்பல் நிறத்தில் ஒருத்தி பொட்டல்நேரிக் கடைத்தெருவில் நடமாடுவது ஊருக்கே தெரிந்திருந்தது, ஆவுடையின் காதுக்கு மட்டும் வராமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் சாம்பல், சேலை சாம்பல். அவள் கையில் எடுத்த தக்காளி கையில் இருக்கும்வரை சாம்பலாகி, கூடைக்குள் விழுந்ததும் சிவந்தது. காய்க்காரி முதலில் பழம் அழுகிவிட்டதோ என்று பார்த்தாள், பிறகு அவளே பொறுக்கித் தரத் தொடங்கினாள். ரேஷன் கடை வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள் வெயில் எப்படி என்று அவளிடம் கேட்டார்கள். ஆறுமுகநயினாரிடம் யாராவது விசாரித்தால், சோற்றில் உப்பு கொஞ்சம் தூக்கல், மற்றபடிக் குறையில்லை என்றார்.

பூரணம் சொன்னதைக் கேட்ட அன்று ஆவுடை பீடி சுற்றவில்லை. கிணற்றிலிருந்து ஒருத்தியைக் காப்பாற்றிவிட்டோம், நாம் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் அவள் எங்கோ தூரத்தில் போய்க்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு ஒன்றுதான் அவளை அந்த பெஞ்சில் தாங்கியிருந்தது. போகச் சொன்னோமே தவிர எங்கே என்று சொல்லவில்லையே என்று முதல்முறையாக நினைத்தாள். அவளைக் கூட்டிவா என்று பூரணத்தை அனுப்பினாள்.

அவள் உச்சிவேளையில் வந்தாள். அவள் காலில் கிடந்தது ஆவுடை வீட்டில் விட்டுவந்த ரப்பர் செருப்பு. உடம்பிலிருந்து ஆவுடையின் வீட்டு சோப்பு வாசம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, காலை மடக்கி பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, மேலே பார்த்தாள். விசிறி நல்லா ஓடுதே என்றாள்.

“எங்கெல்லாம் போன?” என்றாள் ஆவுடை.

“தொறந்து கெடந்த கதவுக்குள்ள போனேன். உங்க வீடுன்னு பெறவுதான் தெரியும். ராத்திரி அண்ணாச்சி இலைக்கு முன்னால உக்காந்திருந்தாவ. பரிமாறினேன்.”

“பெறவு?”

“பெறவென்ன. மறுநாளும் உக்காந்திருந்தாவ.”

இருவரும் திரையைப் பார்த்தார்கள். அவன் காத்திருந்தான். படத்துப் பெண் அவனை ஒரு முறை பார்த்தாள், ஆவுடையை ஒரு முறை பார்த்தாள். படம் பார்க்க வந்தவர்கள் பார்க்கும் பார்வையில், வருத்தமும் இல்லாமல் குற்றமும் இல்லாமல், பொழுதுபோகாதவளைப் போலக் கேட்டாள்.

“அக்கா, உங்க வீட்டுக் கதவும் தொறந்துதான கெடக்கு. இத்தன வருசமா நீங்க ஏன் போகல?”

தான் சொன்னபோது அந்த வார்த்தைக்கு எடையே இல்லாமல் இருந்தது ஆவுடைக்கு நினைவு வந்தது. நெஞ்சில் எதுவோ விறைத்து இறங்கியது, கயிறுபோல. எங்க போக என்று கேட்டாள். எனக்கு மட்டும் தெரியுமா என்றாள் மற்றவள்.

அந்த நேரத்தில்தான் ஆறுமுகநயினார் வந்தார். வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து, நெடுநேரம் காத்திருந்து, யாரும் வராமற்போகவே எழுந்து, சோறு எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டு வெயிலில் நடந்து வந்திருந்தார். பெண்கள் பக்கத்துத் திரைச்சீலையை விலக்கி நின்ற அவரைப் பார்த்துப் பின்வரிசையில் ஒருத்தி, அண்ணாச்சிக்கு வழி மாறிப்போச்சா என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் கேட்டார்.

“சோறு?”

ஆவுடை அவர் முகத்தைப் பார்த்தாள். திரையில் இருந்தவனின் முகத்தைப் பார்த்தாள். கூடி வாழ்ந்த இத்தனை காலத்தில் இந்த மனிதரிடம் எதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாலைக்கூட, உலையைக்கூட, மழைக்குமுன் கொடியில் கிடந்த துணியைக்கூட. எழாமலே, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் விரித்தாள்.

“இங்கேருங்க. இந்த இடத்தக் கொஞ்சம் பாத்துக்கிடுதியளா? நாங்க இந்தா வந்திருதோம்.”

உலை வைக்கத்தான் போகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. வேறு எதற்காக எழுந்து போன பெண்ணையும் அவர் பார்த்ததில்லை. அரங்கு முழுவதும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ம். சீக்கிரம் போயிட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் உட்கார்ந்தார். ஆவுடை எழுந்தாள். பாதி எழுந்த நிலையிலேயே நின்று காதைக் கூர்மையாக்கினாள். பூரணமும் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கப்பி கிறீச்சிடவில்லை. விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. ஆறுமுகநயினார் அண்ணாந்து பார்த்து, காத்து நல்லா வருதே என்று தன் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

திரைச்சீலையருகே போனதும் ஆவுடை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். திரையில் ஒருவன் முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தான், பெஞ்சில் ஒருவர் முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்; இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி சோற்றுக்குக் காத்திருந்தார்கள். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று மேலத்தெருவிலும், எழுந்தால் தானே பொங்க வேண்டும் என்பதால்தான் எழவில்லை என்று கீழத்தெருவிலும் சொல்வார்கள். இரண்டும் பொருந்தக்கூடியவைதான். தேவசகாயம் வீட்டிலிருந்து அவருக்கு வேளை தவறாமல் சாப்பாடு போகிறது.

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பேருந்து நிலையம்வரை இருவரும் நடந்தார்கள், ஒருத்தி செருப்போடும் மற்றவள் வெறுங்காலோடும். பாதி வழியில் மாற்றிக்கொண்டார்கள். பேருந்து நிலையத்தில் படத்துப் பெண்ணின் சேலையில் நிறம் ஏறியிருந்தது. அது அரக்கு என்று ஒரு தெரு சொல்லும், கத்தரிப்பூ என்று மறுதெரு சொல்லும், இந்த ஒரு விஷயத்தில் இன்றைக்கும் சண்டை வரும். முதலில் புறப்பட்ட வண்டியில் அவள் ஏறினாள். படியில் நின்றபடி, யாரும் யாரிடமும் சொல்லத் துணியாத விதத்தில், போறேன்க்கா என்றாள். போயிட்டு வாறேன் என்று சொல்லவில்லை. ஆவுடை திடுக்கிட்டு, வழக்கமான பதிலுக்கு வாயெடுத்து, அதை விழுங்கிக்கொண்டு, போ என்றாள்.

பிறகு எதிரே நின்ற வண்டியில், பலகையைப் படிக்காமல், தானும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இன்ஜின் உறுமத் தொடங்கிய நேரத்தில் வெளியிலிருந்து ஒரு துண்டு ஜன்னல் வழியாக அவள் மடியில் வந்து விழுந்தது. கீழே கையில் பையும் இடுப்பில் பிள்ளையுமாக ஒருத்தி நின்றாள்; இடத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா, இந்தா வந்திருதேன் என்று சொல்லிவிட்டு, பதிலைக் கேட்டுக்கொள்ளாமலே கடைப் பக்கம் திரும்பினாள்.

ஆவுடை துண்டை மடித்தாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அவளைக் கூப்பிட்டு, அதை அவள் தோளிலேயே போட்டாள்.

“என்ட்ட கேக்காத தாயி,” என்றாள். “நான் சரின்னு சொல்லிட்டா நீ வார வரைக்கும் எந்திரிக்க முடியாது. அதான் சொல்ல மாட்டேன். பிள்ளையத் தூக்கிட்டு ஏறு, இந்த வண்டி யாருக்கும் நிக்காது.”